பச்சைச் சோப்பின் புது விலை

ஜூன் 29

ஒன்றாம் தேதியிலிருந்து குறைந்தபட்சக் கூலி ஏறுகிறதாம். மேலாளரே வந்து சொன்னார். உடனே அவளுக்குப் போன் போட்டேன். இரண்டு வருடமாக வெளியூரில் ஒரு வீட்டில் தங்கி, படுத்த படுக்கையான வயதான அம்மா ஒருவரைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறாள் என் மனைவி.

"இனிமே நீ அங்க இருக்க வேணாம். வந்துடு."

"முதல்ல சம்பளம் கைக்கு வரட்டும்" என்று சிரித்தாள்.

அம்மா வரப்போகிறாள் என்று மகளிடமும் சொல்லிவிட்டேன். என் ஓட்டை வாய்.

ஜூலை 1

கடையில் அலமாரிகளுக்கு விலைச்சீட்டு ஒட்டுவது என் வேலை. இன்று ஒரு கட்டுப் புதுச் சீட்டு வந்தது. பால், ரொட்டி, எண்ணெய், எல்லாம் ஏற்றம். கூலி ஏறிய அன்றைக்கே, என் கையாலேயே ஒட்டினேன். சொந்தச் செலவில் சூனியம்.

என் மனைவி எப்போதும் போடும் பச்சைச் சோப்பின் சீட்டு வந்ததும் கை நின்றுவிட்டது. பழைய சீட்டை அப்படியே விட்டேன். மாலையில் ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு போனால், கல்லா அக்கா புது விலையைச் சொல்கிறார்.

"அலமாரியில பழைய விலைதானேக்கா இருக்கு?"

"நீங்க சீட்டு மாத்தலைன்னா மிஷினுக்குத் தெரியாதா? பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா?"

எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் —

புது விலைக்கே வாங்கினேன். திரும்பிப் போய்ச் சீட்டையும் ஒட்டினேன்.

ஜூலை 2

மகள் சோப்பை உறையோடு மோந்து பார்த்து, "அம்மா வாசனை" என்றாள். அம்மா வந்து பிரிக்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறோம்.

ஜூலை 9

வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார். "அதான் உங்களுக்குச் சம்பளம் ஏறிடுச்சே" என்கிறார். கடையிலும் இனி ஓவர்டைம் கிடையாதாம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

ஜூலை 10

மனைவி போன் அடித்தாள். எடுக்கவில்லை. என்னன்னு சொல்றது? வா வான்னு கூப்பிட்டுட்டு, இப்ப வராதேன்னா?

ஜூலை 11

எடுத்தேன். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஓவர்டைம் இல்லைன்னா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

"அஞ்சுக்கு."

"அப்ப சாயங்காலம் பிள்ளைய நீங்க பாத்துக்கலாம். நான் நம்ம ஊர்லயே சாயங்கால வேலை ஏதாவது தேடிக்கிறேன். அங்க கூலி கம்மின்னுதானே இவ்ளோ தூரம் வந்தேன்? புதுச் சட்டத்துல இப்ப எங்க போனாலும் ஒரே கூலிதானே."

இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை? ஓவர்டைம் போனதை மட்டும் நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"இழுத்துப் பிடிக்கணும்" என்றேன்.

"பிடிப்போம். இந்த அம்மாவுக்கு வேற ஆள் கிடைச்சதும் வந்துடறேன்."

போனை வைத்துவிட்டு அழுதேன். மகள் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 24

ரொட்டி மறுபடியும் ஏறியிருக்கிறது. இன்று காலை நான்தான் ஒட்டினேன்.

இரண்டு வாரத்துக்கு முன் ஊர் திரும்பிய மனைவி, ஐந்து மணிக்குச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் எதிர்ப்பட்டபோது, "குழம்பு அடுப்புல இருக்கு, அடிபிடிக்க விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

உள்ளே மகள் பச்சைச் சோப்பைத் தேய் தேய் என்று தேய்த்துக் கை கழுவிக்கொண்டிருந்தாள். பாதிதான் மிச்சம். விற்கிற விலையில் இப்படிக் கரைக்கிறாயே என்று அதட்டப் போனேன். பிறகு பேசாமல் நானும் அதிலேயே கை கழுவிக்கொண்டு, குழம்பைக் கிளறப் போனேன்.