பார்வையாளர் கூடம்

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் போட்டுவிடுவாய். அதனால் கேட்கவில்லை. அப்பா போய் ஐந்து வாரமாகிறது. நீ வராததைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் காதுபட சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இருபத்து நான்காம் தேதி அரசு வழக்கறிஞர் சங்கத்தில் நினைவுக் கூட்டம். செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "முப்பது வருஷம் அரசாங்கத்துக்கு வாதாடினாரு. பதினாறு வருஷம் சனிக்கிழமை தவறாம ஜெயிலுக்குப் போயி கைதிங்களுக்கு மனு எழுதிக் குடுத்தாரு. வேலை நாள்ல உள்ள அனுப்பி, லீவு நாள்ல வெளிய எடுத்த ஒரே ஆளு" என்று அவரே சொல்லி அவரே சிரித்தார். நினைவு மலர் போடுகிறார்களாம். அதில் மகன் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். நான் எழுதினால் ஆகாதா என்றேன். "நீங்க பக்கத்துலயே இருந்தவங்க, அழுதுடுவீங்க" என்கிறார்.

எழுதேன்டா. அப்பாவின் அலமாரியை ஒழிக்க உட்கார்கிறேன், ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

உன் அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதினால் உண்மையைத்தான் எழுத முடியும். அதை மலரில் போடுவார்களா?

என் கூட்டாளி சுருட்டை, கம்பெனி வேனில் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டு நிற்காமல் வந்தானே, அன்று சாயங்காலம் அவனை நம் வீட்டுக்குக் கூட்டி வந்தது நான். "அப்பாகிட்ட சொல்லுடா, அவர் பாத்துப்பாரு" என்றேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். வேனை எந்தப் பட்டறையில் விட்டிருக்கிறான் என்பது வரைக்கும். அப்பா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் காலை போலீஸ் நேராக அந்தப் பட்டறைக்குப் போய் நின்றது.

வழக்கை நடத்தியதும் அவரேதான். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன். "குடுத்தா, வீட்டுப் பையன்னு நான் ஒதுங்கிட்டேன்னு சொல்லுவாங்க" என்றார். இரண்டு வருடம் வாங்கிக் கொடுத்தார். நான் பெட்டியைக் கட்டினேன்.

இதைத்தான் எழுதுவேன். செயலாளரிடம் கேட்டுச் சொல்.

தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்க இரண்டு முறை கையில் எடுத்தேன். அந்தச் சைக்கிள்காரருக்கு ஒரு கால் போனதை மட்டும் நீ எழுதவே இல்லை. போகட்டும்.

நேற்று அப்பாவின் சாமான்களை வாங்க ஜெயிலுக்குப் போனேன். ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு எழுதும் பலகை. அங்குள்ள நல அலுவலர் அம்மா பழைய கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். பார்வையாளர் சீட்டுகள். முதல் இரண்டு வருடத்துச் சீட்டு எல்லாவற்றிலும் அப்பாவின் கையெழுத்து. பார்க்க வேண்டியவர் என்ற இடத்தில் சுருட்டையின் பெயர். அடியில் சிவப்பு மையில், 'வர மறுத்தார்'. தொண்ணூற்று நான்கு சீட்டு, தம்பி.

"வர மாட்டேங்கிறான் சார், வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுவோம். நேரம் முடியிற வரைக்கும் கூடத்துலயே உக்காந்திருப்பாரு" என்றார் அந்த அம்மா. அப்படி உட்கார்ந்திருந்தபோது பக்கத்து பெஞ்சுக்காரி ஒரு காகிதத்தை நீட்டி, என் புருஷனுக்கு வந்தது, படித்துச் சொல்லுங்கள் என்றாளாம். படித்தார், பதில் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் நாலு பேர். சுருட்டை விடுதலையாகிப் போனபோது முப்பது பேர் அவருக்காகக் காத்திருந்தார்கள். அப்புறம் எப்படி நிறுத்துவார்?

சேவை என்று யாராவது புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான்.

அக்கா

மார்ச் 13

அக்கா,

அதைப் படித்ததிலிருந்து ஆபீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. உட்காருகிறேன், எழுகிறேன், வாசல் வரை போய்த் திரும்புகிறேன். அன்றைக்கே ஒதுங்கியிருந்தால் இரண்டு வருடம் பெஞ்சைத் தேய்த்திருக்க வேண்டாமே. யார் போகச் சொன்னது அவரை?

சுருட்டை இப்போது எங்கே இருக்கிறான்? விசாரி. நான் கேட்டேன் என்று சொல்லாதே. இல்லை, சொல். உன் இஷ்டம்.

தம்பி

மார்ச் 18

அன்புத் தம்பிக்கு,

பார்த்தேன். பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். சுருளுவதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஸ்டூல் போட்டான். அப்பா போன செய்தி அவனுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். "அப்பான்னு நெனச்சு சொன்னேங்க்கா. வக்கீல் கேட்டுக்கிட்டாரு. அது எனக்கு ஆறவே இல்ல. இடிச்சது தப்பு, ஓடினது அதைவிடத் தப்பு. அதுக்கு உள்ள இருந்துட்டு வந்துட்டேன். இது வேற" என்றான்.

கிளம்பும்போது அவனாகவே கேட்டான். எழுத மனமில்லை, ஆனால் மறைத்தால் நானும் அப்பா மாதிரி ஆகிவிடுவேன். "அவர் வாரா வாரம் வந்தாரு. நான்தான் போகல. உங்க தம்பி வந்திருந்தா ஓடிப் போயிருப்பேன். அவன் ஒரு தடவகூட வரலியேக்கா, ஏன்?"

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. கோபம் அப்பா மேல்தானே உனக்கு?

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பயம். அவ்வளவுதான் காரணம். மேசையில் அவனை உட்கார வைத்தது நான். அவன் முகத்தில் முழிக்கத் தைரியம் இல்லாமல் பழியை முழுசாக அப்பா தலையில் தூக்கி வைத்துவிட்டு ஊரைவிட்டே போனேன். அவர் மேல் கோபமாக இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அவராவது வாரா வாரம் போய் உட்கார்ந்தார்.

மலருக்கு என்னிடமிருந்து எதுவும் வராது என்று செயலாளரிடம் சொல்லிவிடு. நீயே எழுது. அழுதால் அழு.

இருபத்து மூன்றாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே. நேராகப் பேட்டரிக் கடைக்குத்தான் போவேன். என்னைக் கண்டதும் அவன் ஷட்டரை இறக்கினாலும் இறக்குவான். மறுநாளும் போவேன்.

ஒரு மாதம் லீவு போட்டிருக்கிறேன். போதாது என்று தெரியும்.

உன் தம்பி