குழலுக்குள் இருந்த பட்டு

அப்பா,

பாப்பாவின் தலைக்கு வைக்கத் தேங்காய் எண்ணெய்ச் சீசாவைத் திறந்தேன். உன் துப்பாக்கியின் வாசனை வந்தது. பாப்பா கையைத் தட்டும்வரை சீசாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. நீ போன அன்றைக்கும் வரவில்லை.

ஏனாத்தூர்க் கடலைக் கொல்லையில் பன்றி விரட்டிவிட்டு வந்த மறுநாள், அந்த நாட்டுத் துப்பாக்கியின் குழலில் வெந்நீர் ஊற்றுவாய். கரி கரைந்து தண்ணீர் தெளிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுவாய். மருந்துக்கு நெருப்புப் போகும் பக்கத்துத் துளையை ஊசியால் குத்திப் பார்ப்பாய். தேய்ந்த செருப்புத் தோலில் சக்கிமுக்கிக் கல்லைச் சுற்றி, துப்பாக்கிக் குதிரையின் வாயில் வைத்துத் திருகுவாய். வெடிமருந்தின் மேல் எல்லாரும் தேங்காய் நார் அடைப்பார்கள். நீ மட்டும் அம்மாவின் தறியில் மிஞ்சிய பட்டுக் கழிவு. "நாரு கனன்னுக்கினே போய் வைக்கோல்ல வுழும்மா. பட்டு பத்துனாலும் தானா அணைஞ்சிடும்."

"இவ்ளோ பண்றதுக்குள்ள பன்னிங்க கடலைய துன்னுட்டு உங்கப்பாவுக்கு டாட்டா காட்டிக்கினு போவுதுங்க" என்பாள் அம்மா.

பாப்பா தவழ ஆரம்பித்த பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே கேட்பேன்: "உள்ள மருந்து இருக்குதாப்பா?"

"இல்லம்மா."

"நிஜமா?"

நீ கல்லைக் கழற்றி என் உள்ளங்கையில் வைப்பாய். "இந்தா, துப்பாக்கி உன் கையில. மீதி வெறும் இரும்பு." நான் ஊருக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்வாய். கடைசியாக நான் வந்தபோது நீ கேட்கவில்லை. நானும் மறந்து பையிலேயே கொண்டுவந்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கொல்லைக்கும் போகவில்லை.

காரியம் முடிந்ததும் அம்மா சொன்னாள், "துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சிடணும்மா." பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நீ செய்வதுபோல மருந்தை இடித்து அடைக்கும் இடிகம்பியைக் குழலுக்குள் இறக்கினேன். குழல் காலியாக இருந்தால் கம்பியில் நீ அறுத்த கோடு குழல் வாயோடு நிற்கும். நிற்கவில்லை. நான்கு விரல் மேலேயே இருந்தது.

மருந்து ஏற்றித்தான் வைத்திருந்தாயா? பாப்பா துப்பாக்கி சாய்த்திருந்த பீரோவைப் பிடித்துத்தானே எழுந்து நிற்கப் பழகினாள்? கோபம்கூட வரவில்லை. மருந்து நனையட்டும் என்று குழல் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். நெடுநேரம் கழித்துக் கவிழ்த்தேன். வடிந்த தண்ணீரில் கறுப்பே இல்லை. கம்பி முனையில் திருகாணியை மாட்டி, அடைப்பில் திருகி இழுத்தேன்.

அரக்கு நிறப் பட்டு வந்தது. எண்ணெயில் ஊறி, கெட்டியாக, வந்துகொண்டே இருந்தது. அதன் பின்னால் ஈயமும் இல்லை, மருந்தும் இல்லை. மருந்து உட்கார வேண்டிய அடிவரைக்கும் பட்டையே திணித்து வைத்திருந்தாய்.

அம்மா பார்த்தாள். "கல்லு இல்லன்னாலும் எவனாவது நெருப்பு வெச்சிருவான்னு உனுக்கு பயம் வரும்னாரு. நாந்தான் கழிவு எடுத்து குடுத்தேன்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா மட்டும் நம்பிடுவியா நீ?"

கம்பியை மறுபடி இறக்கினேன். கோடு வாயோடு நின்றது.

துப்பாக்கியை ஒப்படைத்தாயிற்று. கல்லை யாரும் கேட்கவில்லை. இப்போது பாப்பா தூங்குகிறாள். காஸை மூடினேனா என்று இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். மூன்றாவது தடவை எழுந்தபோது பையிலிருந்து கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். மூடித்தான் இருக்கும் அப்பா. போய்ப் பார்க்கவில்லை.