சுருளிப்பட்டி சின்னச்சாமி என்று ஒருவர் இல்லை

யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாத என் குமரேசன் அண்ணனுக்கு,

அன்று நான் சொல்லாதது இதுதான்: "அண்ணே, உங்க கணக்குல தப்பில்ல. அந்தத் தோட்டங்கதான் இல்ல."

இரண்டே வாக்கியங்கள். தேனியில் ஜெராக்ஸ் கடை மாடியில், அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நீங்கள் எழுதிய நிரலைப் பெரிய திரையில் ஓடவிட்டு எங்கள் முன்னால் நின்றீர்கள். நான் முதல் வரிசையில், உங்களுக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். வனிதா மதினியிடம் கொடுத்த வாக்கு அது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் வேறு பிழைப்பு உண்டு. சென்னைக்கோ பெங்களூருக்கோ வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள். மிச்ச நேரத்தில் சொந்தமாக ஒன்றைச் செய்து பார்ப்போம். போடி கடைவீதி ஜெபா ஏலக்காய் விலை சொல்லும் செயலி செய்தாள். பாண்டி டீக்கடைகளுக்கு பில் போடும் செயலி செய்தான். மாதம் ஒரு ஞாயிறு கூடி, செய்ததைக் காட்டி, திட்டு வாங்கி, பஜ்ஜி தின்று கலைவோம்.

உங்களுடையது திராட்சை. கம்பம் பள்ளத்தாக்கில் கொடியைக் கவாத்து செய்து, பழைய கிளைகளை வெட்டிவிட்ட நாளிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம் வெட்டுக்கு வரும். ஊரே ஒரே வாரத்தில் கவாத்து செய்தால் ஊரே ஒரே வாரத்தில் பழம் வெட்டும், விலை விழும். ஆளுக்கு ஆள் தங்கள் கவாத்துத் தேதியைப் போனில் பதிந்துவிட்டால் எந்த வாரம் நெரிசல், எந்த வாரம் காலி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் அல்லவா? நெரிசலான வாரம் சிவப்பாகத் தெரியும். அவ்வளவுதான் உங்கள் செயலி. நீங்கள் முதன்முதலாகக் காட்டியபோது மாடியில் எல்லோரும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பிறகு பாண்டி, "அண்ணே, இத இம்புட்டு நாளா யாருமே யோசிக்கலயா?" என்றான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது புதுச் செயலி வெளியிட்டால் நாங்கள் எல்லோரும் மொய் வைப்போம். பணம் இல்லை. அம்மா பேரில், சித்தப்பா பேரில், பக்கத்து வீட்டுக்காரர் பேரில் கணக்குத் தொடங்கிக் கொடுப்பது. திறந்த அன்றைக்கே கடை காலியாகக் கிடக்கக் கூடாது என்ற நினைப்பு. உங்களுக்கும் வைத்தோம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "போதும்ப்பா, ஒங்க மொய்ய எல்லாம் எடுத்துருங்க. நெசமான ஆளு எத்தன பேருன்னு நான் பாக்கணும்ல" என்று சொன்னீர்கள். எல்லோரும் எடுத்தார்கள். நானும் எடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். ராயப்பன்பட்டியில் உங்கள் மாமனார், அவருடைய பங்காளிகள் இரண்டு மூன்று பேர். அவர்களைத் தவிர யாரும் மிஞ்சவில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். "நம்ம தெறமைக்கு சொந்தக்காரவுக மட்டும்தான் வந்துருக்காக." எல்லோரும் சிரித்தார்கள். என்னால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

இரக்கம் என்று அப்போது நினைத்தேன். இப்போது அந்தச் சொல்லைச் சொல்லவே கூசுகிறது. நீங்கள் வாடுவதைப் பார்க்கும் சங்கடம் எனக்கு வேண்டாம், அவ்வளவுதான். அதற்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். இல்லாத வாடிக்கையாளர்களை உண்டாக்கி, அவர்களை வைத்து அடுத்தவர் மென்பொருளைச் சோதிப்பது. பெயர், ஊர், பழக்கம் எல்லாம் நம்பும்படி போடுவேன். விவசாயிகளை அலைக்கழிக்கக் கூடாது என்று நீங்கள் செல்போன் எண்கூடக் கேட்கவில்லை. பெயர், ஊர், தேதி போதும். எனக்கு அது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் ஒருவரைச் சேர்த்தேன். பிறகு நாலு பேர். அப்புறம் சாயங்காலம் வேலை முடிந்ததும் அதுவே பொழுதுபோக்கானது. நான் நிறைய வாசிப்பவள், ஒரு கதைகூட எழுதியதில்லை. பாத்திரங்களை முதன்முதலாகப் படைத்தது உங்கள் செயலிக்குள்தான். தேதியை மாற்றி மாற்றிப் போடும் சந்தேகக்காரர் ஒருவர், கணவன் பேரில் தோட்டமும் தன் பேரில் கணக்குமாக ஒரு அம்மா, ஒருநாள் விடாமல் உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போகும் சுருளிப்பட்டி சின்னச்சாமி. அவர்களை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் தேதி விஷயத்தில் நான் சோம்பேறி. நாள்காட்டி அடுத்த பருவத்துக்கென்று தானாக எந்தத் தேதியைக் காட்டியதோ அதையே அழுத்திவிட்டுப் போனேன். அத்தனை தோட்டங்களும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் கவாத்து ஆயின.

உங்களுக்குச் சின்னச்சாமியை ரொம்பப் பிடித்துவிட்டது. சோதனை வேலை செய்பவள் நான். பயன்படுத்துகிறவர் மேல் ஒருவருக்கு இவ்வளவு பிரியம் வரும் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் அவரைத் தேடி சுருளிப்பட்டிக்கே பைக்கில் போய்விட்டு வந்து, மாடிப்படி ஏறும்போதே சொன்னீர்கள்.

"டீக்கடையில போயி சின்னச்சாமி வீடு எங்கனன்னு கேட்டேன். எந்தச் சின்னச்சாமி, மில்லுக்காரரா, சவுண்டு செட்டுக்காரரா, ரெண்டாங் கலியாணம் பண்ணுனவரான்னு கேக்குறாக. தெனமும் செல்போன்ல தோட்டத்தப் பாக்குறவருன்னேன். அம்புட்டு வேல இல்லாதவன் எங்க ஊர்ல எவனும் இல்லையேன்னுட்டாக!"

ஜெபா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், அண்ணே. அப்போது எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பிறகுதான் உங்கள் மாமனார் தோட்டம். அவர் வழக்கமாகக் கவாத்து செய்யும் வாரம் திரையில் அடர்சிவப்பாகத் தெரிந்தது. "மாமா, இந்த வாரம் கூட்டம் சாஸ்தி. மூணு வாரம் தள்ளிக் கவாத்து பண்ணுங்க" என்று சொன்னீர்கள். மருமகன் படித்தவர், சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் தள்ளினார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வழக்கம்போலச் செய்தார்கள். அவர்கள் பழம் நல்ல வெயிலில் பழுத்து நல்ல விலைக்குப் போனது. மாமனாரின் கொத்துகள் நிறம் ஏறுகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பழம் வெடித்து அழுகிப்போனது.

அதற்குப் பிறகு உங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில், பந்தியில் அத்தனை பேர் இருக்க, அவர் உங்களிடம் சொன்னதை நீங்களே எங்களுக்குச் சொன்னீர்கள். "போன்ல பாத்து வெவசாயம் பண்ணச் சொன்ன மாப்ள, அப்புடியே அந்தப் போன்லயே பழத்தையும் வித்துக் குடுத்துருங்க."

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். "எங்கனயோ நான் தப்புப் பண்ணியிருக்கேன்ப்பா. சிவப்புன்னு காட்டுன வாரத்துல கூட்டமே இல்ல. கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றீர்கள். பாண்டி நாள் கணக்கில் பிழை இருக்கலாம் என்றான். ஜெபா ஒரு வாரத்தை எங்கே பிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். நீங்கள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"நீ டெஸ்டிங்காரி. ஒங் கண்ணுல படாம எதுவும் போகாது. நீ பாத்துச் சொல்லு தாயி."

நான் எழுந்துபோய் உங்கள் நிரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். "நல்லாத்தான் இருக்குண்ணே. மழ பெஞ்சா யாரு என்ன பண்றது?" என்றேன்.

நீங்கள் தலையாட்டினீர்கள். என்னை நம்பவில்லை என்று தெரிந்தது. என் நேர்மையில் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. பாசத்தில் உங்கள் பிழையை நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டீர்கள். அதனால் பிறகும் தனியாகத் தேடிக்கொண்டே இருந்தீர்கள். ஒரு பிழையும் இல்லாத நிரலில் இல்லாத பிழையை எத்தனை வாரம் தேடினீர்கள்? நான் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. பொய்த் தோட்டங்களை அழித்துவிட்டால் பழியும் போய்விடும் என்று நினைத்தேன். ஆனால் அழித்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும் என்று அவற்றை அப்படியே விட்டேன். பார்த்தீர்களா, அப்போதும் என்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறேன்.

காய்ச்சல் என்று படுத்தீர்கள். நல்லாகிவிடும் என்று எல்லோரும் இருந்தோம். நீங்கள் எழுந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நானும் இருந்தேன். நீங்கள் எழவேயில்லை.

உங்களுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து மதினி போனில் கூப்பிட்டார். உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருப்பதையெல்லாம் நிறுத்தித் தர முடியுமா என்று கேட்டார். வந்து சொல்கிறேன் என்றேன். மதினி அப்போது ராயப்பன்பட்டியில் அப்பா வீட்டில் இருந்தார். பெரியகுளத்தில் பஸ் ஏறும்போதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். உத்தமபாளையம் வந்ததும் வேண்டாம் என்று நினைத்தேன்.

உங்கள் மாமனார் கொடிப்பந்தலுக்கு அடியில் நின்றிருந்தார். மதினி மோர் கொண்டுவந்து நீட்டினார். குடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தவள், டம்ளரை வாங்கும் முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. "ஆளே இல்லாத தோட்டமா தாயி? பேரு மட்டுமா?"

"ஆமாங்கய்யா. நான்தான் போட்டேன்."

"அப்ப நான் யாருக்குப் பயந்து மூணு வாரம் தள்ளி வச்சேன்?"

அவர் பந்தல் கல்தூணில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு, "மாப்ள போட்ட கணக்கு?" என்று கேட்டார்.

"சரியான கணக்குங்கய்யா. அதுல ஒரு தப்பும் இல்ல."

"நான் அத்தன பேரு முன்னால ஒரு வார்த்த சொல்லிப்புட்டேன். அத இனி எங்கன போயி எடுக்க?" என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் தோட்டத்தின் உள்பக்கம் நடந்து போய்விட்டார்.

மதினி அழவில்லை. "காய்ச்சல்ல கெடந்தப்பவும் எங்கன தப்புன்னு தெரியலயே வனிதான்னாக," என்றார். "தெரிஞ்ச நீ பக்கத்துல உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்த."

ஆமாம். உரித்துக் கொடுத்தேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள் மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "எங்கிட்ட சொல்லிட்டுப் போனா முடிஞ்சிருமா? அவுக தல குனிஞ்சது ஊருக்கு முன்னால. ஒங்க கூட்டத்துலயும் கணக்குத் தெரியாதவருன்னுதான பேரு? எழுது. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது. எம்பேரையும் எங்கப்பா தோட்டத்தையும் போட்டே எழுது."

கூட்டத்திலும் சொன்னேன், அண்ணே. ஜெபா, "நாங்கல்லாம் மொய்ய எடுத்துட்டோம்ல, நீ எதுக்குடி வச்ச?" என்று கேட்டுவிட்டு எழுந்து கீழே போய்விட்டாள். பாண்டி மட்டும் எனக்காகப் பேசினான். "மாதிரிக்குப் பொய்த் தகவல் போடுறது எல்லாரும் பண்றதுதானக்கா." அவன் நல்லவன். ஆனால் அன்றைக்கு ஜெபாவின் கோபத்தைவிட அவன் ஆறுதல்தான் என்னைக் கூசவைத்தது. மாதிரி என்று எழுதி ஒட்டியிருந்தால் அவன் சொல்வது சரி. நான் அவற்றை உங்களிடம் மனிதர்கள் என்று கொடுத்தேன். நீங்கள் அவர்களில் ஒருவரைப் பார்க்க பைக்கில் போனீர்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. சுருளிப்பட்டியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய அன்று உங்களுக்குத் துளியாவது சந்தேகம் வந்ததா? வந்தும் என்னைக் கேட்காமல் விட்டீர்களா? இரண்டில் எது எனக்கு நல்லது என்றுகூடத் தெரியவில்லை.

நான் போட்ட தோட்டங்களை எல்லாம் அழித்துவிட்டேன். மதினியின் சம்மதத்தோடு செயலியை நிறுத்தாமல் வைத்திருக்கிறேன். அதன் முகப்பில் உங்கள் பெயரையும், பழைய சிவப்பு எப்படி வந்தது என்பதையும், அதைச் செய்தவள் நான் என்பதையும் எழுதியிருக்கிறேன். காலியாக இருக்கும்வரை அது காலி என்றே காட்டும். இனி யார் எதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாலும், அவர் முகத்தைப் பார்த்துப் பதிலை மாற்ற மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. உயிரோடு இருக்கும்போது கொடுத்திருக்க வேண்டியது.

அடுத்த கவாத்துக்கு முன்னால் ராயப்பன்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் வீடு வீடாகப் போய், நடந்ததைச் சொல்லித் தேதி கேட்டேன். ஒருவரும் கொடுக்கவில்லை. உங்கள் மாமனாரும் கொடுக்கவில்லை. போன முறை நல்ல விலை கிடைத்த அதே வாரத்தில் எல்லோரும் கவாத்து செய்தார்கள். போன மாதம் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பழம் வந்தது, விலை விழுந்தது, உங்கள் மாமனாரின் பழமும் அதோடுதான் போனது.

கூடப் பிறக்காத,
பெரியகுளத்துத் தங்கச்சி