முந்தின சுலோகத்தையும் சேர்த்து

சிவமயம்

காரைக்கால்
20-4-1956

சௌபாக்கியவதி அன்னபூரணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தையல்நாயகியும் ஈசன் கிருபையால் நலம். சைகோனில் நீயும் மாப்பிள்ளை பாலகுருவும் நலமென்று உன் கையெழுத்தில் கண்டால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும், தாமதிக்காமல் எழுது. சௌபாக்கியவதி என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன், உறையின் மேலும் அப்படியே. தபாலாபீசில் இருப்பவர்கள் நன்றாக வாசிக்கட்டும். காரணம் சொல்கிறேன்.

கார்த்திகைப் புயலில் போன பின்கட்டுக் கூரையை ஒருவழியாக மாற்றிவிட்டோம். தை பிறந்ததும் அம்பகரத்தூர் அம்பலவாணன் தன் பையனுக்கு உன் தங்கையைப் பார்க்க வந்தார். பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர்களுக்குப் பிடித்தது, தையல்நாயகியும் சரி என்றாள், தாம்பூலம் மாற்ற நாளும் குறித்தோம். அதற்கு முந்தின தினம் ஆள் வந்து, நாள் சரியில்லை, பிறகு சொல்லியனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். யாருடைய வேலை என்று விசாரிக்க வெகுநேரம் ஆகவில்லை. நீ முதலில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் உனக்குப் பெரிய மாமனார் முறையான கைலாசநாதன்தான். மகன் முறையானவன் செத்த வருத்தத்தைவிட நீ அந்த வீட்டு மூலையில் உட்காராமல் எழுந்து வந்ததுதான் அவருக்குப் பெரிய வருத்தம். நீ மறுமணம் செய்துகொண்டு கப்பலேறியது முதல் காத்திருந்தவர், அம்பகரத்தூருக்கே போய், கைம்பெண்ணுக்கு இரண்டாம் புருஷன் உண்டென்று எந்த ஸ்மிருதியிலும் கிடையாது, அந்த வீட்டில் கை நனைத்தால் உங்கள் பிதிர்களுக்குத் தண்ணீர் இறங்காது என்று சொல்லி, ஒரு சுலோகத்தையும் ராகம் போட்டுப் பாடியிருக்கிறார்.

அன்று ராத்திரி முழுக்க அவருடைய பல்லை உடைப்பதைப் பற்றித்தான் நினைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். அவர் வீட்டு ஊழல்கள் நாலைந்து எனக்குத் தெரியும், அவற்றைக் கடைத்தெருவில் அவிழ்த்து விடலாமென்றும் தோன்றிற்று. ஆனால் அதோடு அவர் சுலோகம் பொய்யாகிவிடாது. பிரெஞ்சுக்காரன் கோர்ட்டில் ஆயுசு பூராவும் மொழிபெயர்த்தவன் நான். அங்கே எந்த வக்கீலாவது சட்டத்தில் இருக்கிறது என்று மொட்டையாகச் சொன்னால் ஜட்ஜ் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, முழு வாசகம் என்ன என்று வரிசையாகக் கேட்பார். அதே கேள்விகளை இவரிடம் ஊரார் முன்னால் கேட்பதென்று தீர்மானித்தேன்.

கும்பகோணத்தில் சோமசேகரன் என்று ஒரு சமஸ்கிருத பண்டிதர். அவரிடம் சுலோகத்தைச் சொன்னதும் புத்தகத்தை எடுத்துப் பிரித்து இடத்தைக் காட்டினார். கைலாசநாதன் பாடியது நிஜமான சுலோகந்தான், பொய்யில்லை. புருஷன் போனபின் விரதமாக இருப்பவள் சொர்க்கம் போவாள் என்பது அதன் பொருள். ஆனால் அதற்கு நேர் முந்தின சுலோகம் என்ன தெரியுமா? புருஷன் காணாமல் போனாலும், இறந்தாலும், சந்நியாசியானாலும், ஆண்மையற்றவனானாலும், ஆசாரம் தவறிப் பதிதனானாலும், இந்த ஐந்து ஆபத்திலும் பெண்ணுக்கு வேறு பதி விதிக்கப்படுகிறான் என்பது. அதை விழுங்கிவிட்டு அடுத்ததை மட்டும் பாடியிருக்கிறார். எனக்குக் கையில் கத்தி கிடைத்த மாதிரி இருந்தது. முந்தினதை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்தேன். பண்டிதர் விடவில்லை. அவர் சனாதனி, உன் கல்யாணமும் அவருக்குச் சம்மதமில்லை. "உங்க கட்சி எனக்குப் பிடிக்கலை, ஆனா இருக்கறதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். நீங்களும் பாதியை விட்டுட்டுப் போனா அவருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். உரைகாரர்களில் சிலர் இந்த அனுமதி பழைய யுகத்துக்குத்தான் என்கிறார்கள், சிலர் நிச்சயம் மட்டும் ஆன பெண்ணுக்குத்தான் என்கிறார்கள் என்று எனக்குப் பாதகமானதையும் எழுத வைத்தார். கசப்பாகத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான், எதிராளியின் ஆயுதமெல்லாம் இப்போது என் பையிலேயே இருக்கிறதே என்று உறைத்தது.

தருமபுரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கைலாசநாதன் பிரசங்கம் செய்கிறார், நல்ல கூட்டம் வரும். போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். முடிந்ததும் எழுந்து, அம்பகரத்தூரில் சொன்ன சுலோகத்தை இங்கேயும் சொல்ல வேண்டுமென்று பணிவாகக் கேட்டேன். பாடினார். எந்த ஸ்மிருதி, எத்தனையாவது அத்தியாயம் என்று கேட்டேன். பெரியவர்கள் சொல்லிக் கேட்டது என்றார். இதற்கு முந்தின சுலோகம் என்ன என்று கேட்டேன். நேரமாயிற்று என்றார். பிறகு நானே இரண்டையும் இடம் சொல்லி வாசித்தேன், பொருள் சொன்னேன், உரைகாரர்கள் எனக்கு எதிராகச் சொன்னதையும் ஒன்று விடாமல் வாசித்தேன். "ஒண்ணை உசத்தின்னு சொல்றது வேற, இன்னொண்ணைக் கூடாதுன்னு சொல்றது வேற. இதுதான் என் கட்சி. இதுக்கு மேல எழுதியிருந்தா இவரு எடுத்துக் காட்டட்டும்" என்றேன். அவர் சொல்லக்கூடிய மறுப்பையெல்லாம் நானே சொல்லிவிட்டதால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். ஊரில் எல்லோரும் என் கட்சிக்கு வந்துவிட்டார்கள் என்று எண்ணாதே, பலருக்கு இன்னமும் முகம் கோணல்தான். ஆனால் ஒளித்தவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

நான் அதோடு விடவில்லை. மறுநாள் காலையில் அவர் வாசலில் போய் நின்றேன். எங்கே பாதியைச் சொன்னீர்களோ அங்கேயே மீதியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளிதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்பேன் என்றேன். வந்தார். பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். அம்பலவாணன் வீட்டுக் கூடத்தில், அவர் சம்சாரமும் பையனும் நிற்க, முந்தின சுலோகத்தைக் கைலாசநாதன் வாயாலேயே சொல்ல வைத்தேன். ராகம் வரவில்லை. நடுவில் தண்ணீர் கேட்டார். எனக்கு இரக்கம் வரவில்லை, வந்திருக்க வேண்டும் என்கிறாள் உன் அம்மா. கரும்பு தின்ற மாதிரி இருந்தது என்பதே உண்மை.

அம்பலவாணன் உடனே, அப்படியானால் வைகாசியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் ஜெயித்த பூரிப்போடு வீட்டுக்கு வந்து உன் தங்கையிடம் சொன்னேன். அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "அக்காவுக்காக நீங்க சண்டை போட்டது நல்லதுப்பா. ஆனா அந்த வாத்தியாரு அன்னைக்கும் ஒரு வார்த்தை பேசலை, இன்னைக்கும் பேசலை. புத்தகம் சரின்னு சொன்னாத்தான் வரவரு எனக்கு வேணாம்" என்றாள். வேண்டாமென்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அதற்குமேல் அவளிடம் பேச எனக்கு ஒரு சுலோகமும் இல்லை.

நீ இதற்காக மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, உன்னால்தான் என்று ஒருபோதும் எழுதாதே. தாவூது மரைக்காயர் அடுத்த மாதம் சைகோன் வருகிறார், அவரிடம் வடாமும் உப்பு நார்த்தங்காயும் கொடுத்தனுப்புகிறோம். சுலோகங்களின் நகலும் அந்தப் பொட்டலத்தில் இருக்கும். அங்கே நம்மவர்கள் யாராவது உன்னை ஏதாவது கேட்டால் எல்லாவற்றையும் காட்டு, நமக்கு ஆகாததையும் சேர்த்துக் காட்டு. மாப்பிள்ளை இருட்டினபின் வெளியே போகாமல் பார்த்துக்கொள். தங்கைக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. மஞ்சளும் குங்குமமுமாக நீ நீடூழி வாழ அம்மையப்பன் காக்கட்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
நடராசன்