சீஸுக்குத் தொட்டுக்கொள்ளச் செய்த தொக்கு

பெரியவன் அப்பாவுக்கு, வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறீர்களா?

நான் சமைக்கும் வீட்டில் போன ஞாயிறு விருந்து. சீஸுக்குத் தொட்டுக்கொள்ளக் காய்கறித் தொக்கு கேட்டார் வீட்டம்மா. கேரட், வெங்காயம், குடமிளகாயைப் பொடியாக நறுக்கி, உப்பில் பிசிறிப் பிழிந்து, வினிகரும் சர்க்கரையும் சேர்த்துச் சுருளக் கிளறினேன். ருசி பார்க்க வந்த வீட்டம்மாவைப் பழக்கதோஷத்தில், "ஈரக் கரண்டிய உள்ள விடாதடி" என்று அதட்டிவிட்டேன். நல்லவேளை, சிரித்துவிட்டார்.

விருந்தாளி ஒருவர், "யாரு கைப்பக்குவம் இது?" என்று கேட்டார். நான் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். "எல்லாம் நானே செஞ்சதுதாங்க" என்றார் வீட்டம்மா.

சின்னவள் பிறந்த வருடம், என் எலுமிச்சை ஊறுகாய்க்கு இதே வார்த்தையைத்தான் உங்கள் தங்கை சொன்னாள். கிளிப்பச்சைப் புடவை கட்டியிருந்தாள். முப்பத்தொரு வருடமாக அவள் வீட்டில் நான் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இந்தமுறை எனக்குக் கோபமே வரவில்லை. தட்டுகளைக் கழுவி அடுக்கினேன். இன்றுவரை வரவில்லை.

மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு அனுப்புங்கள். அப்படியே, உங்கள் தங்கை இப்போது என்னைப் பற்றி என்னவெல்லாம் பேசுகிறாள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். கோபம் வருகிறதா என்று பார்க்கிறேன்.

அடுப்பில் பால் இருக்கிறது.

பெரியவன் அம்மா