தேனீக்கட்டையின் இன்னொரு மூடி

அப்பாவுக்கு லெய்தி எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. நாங்கள் தோண்டும் பழங்கால வீட்டின் கொல்லையில் போன வாரம் வட்டக்கல் ஒன்று கிடைத்தது. நாம் தேனீ வளர்க்கும் குடைந்த மரக்கட்டையின் முனையை அடைக்கும் மூடி போலவே இருந்தது. பார்த்ததுமே தெரிந்தும், சிரிப்பார்களோ என்று மற்றவர்கள் சொன்னபடி 'பானை மூடி' என்று பதிந்துவிட்டேன். நேற்று குழியை மூட ஆட்கள் வந்தார்கள்; மூடிவிட்டால் இனித் தேட முடியாது. எங்கள் தலைவர் டாக்டர் கிராசியேலாவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரிஞ்சேவா தப்பா எழுதின?"

"ஆமா, டாக்டர். கட்டைக்கு ரெண்டு பக்கமும் வாய் உண்டு. இன்னொரு மூடியும் இங்கதான் இருக்கணும்."

"மத்தியானம் வரைக்கும் தோண்டு. கிடைக்கலன்னா நீ ஊருக்குக் கிளம்பலாம்."

மரம் மக்கியிருந்தாலும் கல் இருக்குமே. நம் கட்டையின் நீளத்தை நினைவில் வைத்து ஒன்றரை முழம் தள்ளித் தோண்டினோம். ஒன்றுமில்லை.

கூடத் தோண்டிய எலிஹியோ அண்ணன் சிரித்தார். "என்ன பாப்பா, தேனீ போறப்ப மூடியையும் தூக்கிட்டுப் போயிடுச்சா?"

"இன்னும் ஒரு சாண் தள்ளிப் பாருங்கண்ணே."

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் அவர் கொத்துக்கரண்டி கல்லில் தட்டியது. அதே அளவு வட்டக்கல்; இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

நம் கட்டையின் சரியான நீளத்தை அளந்து எழுதுங்கள். மூடியை ஒட்டும் மண்ணில் ஒரு பிடி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சின்னப் புட்டியில் தேனும் அனுப்புங்கள். அது மட்டும் வேலைக்கு இல்லை.

கடிதத்தைக் கொண்டுபோகும் வண்டிக்காரர் கூப்பிடுகிறார்.

லெய்தி