விசிலுக்குப் பிறகு ஒரு மூச்சு

மாப்ள,

நேற்றுக் காலையில் உன் மனைவி அரியக்குடியிலிருந்து வந்து, டெப்போ வாசலில் என்னைக் கூப்பிட்டு, உன் தூக்குவாளியைக் கையில் கொடுத்தாள். "அண்ணே, இது வீட்டுல இருந்தா ஒரு நாளைக்கு நாலு தடவ தெறந்து பாத்து அழுதுக்கிட்டிருக்கேன். நீங்களே வச்சுக்கங்க" என்றாள். மூடியைத் திறந்தேன். உள்ளே காய்ந்து விறைத்துப்போன காசித்துண்டு, அதன் மடிப்புக்குள் ஒரு பிடி வெட்டிவேர். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. அந்த வாசனை இன்னும் போகவில்லை. டிக்கெட் மெசினை வாங்கப் போக வேண்டியவன், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கல்லல் வண்டியில் நீ டிரைவர், நான் கண்டக்டர், பதினோரு வருசம். முதல் வாரம் அந்தத் தூக்குவாளியைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்து கறிக்குழம்பு வருகிறது என்று நினைத்தேன். கல்லலில் வண்டியைத் திருப்பி நிறுத்தியதும், எனக்கும் ஒரு துண்டு கறி கிடைக்கும் என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ திறந்தாய். ஈரத்துண்டை எடுத்து உதறி, முகத்திலும் பிடரியிலும் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி அதை மூஞ்சியில் போட்டுக்கொண்டாய். போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தாய். பத்து நிமிசம் யார் கூப்பிட்டாலும் பதில் கிடையாது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. டெப்போவில் போய் உனக்கு 'பியூட்டி பார்லர்' என்று பெயர் வைத்தது நான்தான். அது உனக்குத் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

அதைவிட எரிச்சல் உன் மூச்சு. நான் ரெண்டு விசில் கொடுப்பேன். ரெண்டு விசில் என்றால் போகலாம் என்று ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரியாது. கிளட்ச்சில் கால் இருக்கும், கியரில் கை இருக்கும், வண்டி நகராது. பின்னாலிருந்து பார்த்தால் உன் தோள் ஒரு தடவை ஏறி இறங்குவது தெரியும். அப்புறம் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பாய். அதற்கப்புறம்தான் எடுப்பாய். ஒரு நாளைக்கு எத்தனை நிறுத்தம், அத்தனை மூச்சு. "விசில் குடுத்து எம்புட்டு நேரமாச்சு? அங்க என்ன தவமா இருக்க?" என்று கத்துவேன். நீ திரும்பாமல், "போயிருவோம், மாப்ள" என்பாய். எப்போதும் அந்த ஒரே பதில். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் ஏறும்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் என்பது புதுச் செய்தி இல்லை. ஆனால் அந்தக் கீரைக்காரம்மா விசயம் நடந்த வாரம் கோபம் மட்டும் இல்லை. என் மனைவிக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் முடிந்து காய்ச்சல் விடவில்லை. மூன்று ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தே கழித்துவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். லீவு கேட்டிருக்கலாம். நீகூடச் சொன்னாய். நான் இல்லாவிட்டால் வண்டியே ஓடாது என்கிற நினைப்பு எனக்கு.

கல்லலிலிருந்து காரைக்குடிக்குத் திரும்புகிற காலை டிரிப். நடைபாதையில் உரமூட்டையைப் போட்டுவிட்டு ஒரு ஆள் நகர்த்த மாட்டேன் என்கிறார். நான் ஒன்று சொல்ல அவர் ஒன்பது சொல்ல, வண்டியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வழியில் கீரைக்காரம்மா ஏறுகிற நிறுத்தம் வந்தது. வழக்கம்போல அவர் கூடையை முதலில் மேலே ஏற்றிவிட்டுக் கம்பியைப் பிடித்தார். நான் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டைக்காரரை முறைத்தபடியே ரெண்டு விசில் ஊதினேன்.

நீ எடுக்கவில்லை.

"எடுய்யா வண்டிய!" என்று தகரத்தில் ஓங்கி அடித்துவிட்டுத்தான் திரும்பினேன். அந்த அம்மாவுக்கு ஒரு கால் படியில், இன்னொரு கால் தார் ரோட்டில். முந்தானை படியோரத்துக் கம்பியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. குனிந்து அதை எடுத்துவிட்டுக்கொண்டிருக்கிறார், பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால். முந்தானையை விடுவித்து, நிதானமாக ஏறி, "செத்தப் பொறுங்கய்யா" என்று சொல்லிவிட்டுக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டியில் வேறு யாரும் கவனிக்கவில்லை. நீ கண்ணாடியில் பார்த்தாய், நான் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான்.

அந்த டிரிப்பில் அதற்கப்புறம் என் விரல் மெசினில் ஒரு எண்ணையும் ஒழுங்காக அழுத்தவில்லை. காரைக்குடி ஸ்டாண்டில் ஆட்கள் இறங்கியதும் நீ பின்னால் வந்தாய். நாலு அறை வாங்கத் தயாராக இருந்தேன். நீ தூக்குவாளியைத் திறந்து துண்டை நீட்டினாய். "மொதல்ல மொகத்தத் தொடை. ஒன்னும் ஆகல." துண்டை முகத்தில் வைத்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐம்பதை நெருங்கிய ஆள், காக்கிச் சட்டையோடு, கடைசி சீட்டில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். நீ படியில் போய், ஏற வந்தவர்களைப் பார்த்து, நான் அவர்கள் கண்ணில் படாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாய். "அஞ்சு நிமிசம் ஆகும், அங்குட்டு நிழல்ல நில்லுங்க" என்றாய் அவர்களிடம்.

"நீ பாக்கலேன்னா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டேன்.

"பாத்தேன்ல" என்றாய். வாசலை விட்டு நகராமலே, "நான் ஒரு தடவ பாக்கல, மாப்ள" என்றாய்.

அன்றுதான் சொன்னாய். லாரி ஓட்டிய காலத்தில் யாரோடோ சண்டை போட்டுவிட்டு, அந்தச் சூட்டோடு வண்டியை எடுத்திருக்கிறாய். நின்றுகொண்டிருந்த ஒருவரின் பாதத்தில் சக்கரம் ஏறிவிட்டது. "நடக்குறாரு. கொஞ்சம் சாய்ச்சு நடக்குறாரு. ஒன்னையவிட நான் கோவக்காரன். அதுக்கப்பறந்தான் இந்தத் துண்டு, இந்த மூச்சு எல்லாம்." பிறவியிலேயே சாதுவானவன் என்று உன்னை நினைத்துக் கேலி செய்ததற்கு அன்று வெட்கப்பட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எனக்கு ஆயிரம் பேர் சொல்லியிருக்கிறார்கள். நானும் உன்னைப்போலத்தான் என்று சொன்னவன் நீ ஒருத்தன்தான்.

அதற்கப்புறம் நீ எனக்கு வகுப்பு ஒன்றும் எடுக்கவில்லை. மறுநாள் தூக்குவாளியில் ரெண்டு துண்டு இருந்தது, அவ்வளவுதான். கல்லலில் ரெண்டு பேரும் மூஞ்சியில் துண்டைப் போட்டுக்கொண்டு சாய்ந்திருப்போம். ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, வண்டி போகுமா, இல்ல நீங்களே போயிட்டீகளா?" என்று கேட்டாரே, அன்று துண்டுக்குள்ளேயே நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் ஒரு வாளி வெந்நீரில் கல்லுப்புப் போட்டுக் காலை வைத்துக் கால் மணி நேரம் உட்காரச் சொன்னாய். நாளெல்லாம் நிற்கிற கால், அதையும் கொஞ்சம் கவனி என்றாய். முதல் நாள் என் மனைவி வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு மாதம் கழித்து அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலை விட்டாள். கல்யாணம் ஆகி அத்தனை வருசத்தில், அந்த ஒரு வாளித் தண்ணீரில்தான் நாங்கள் சத்தம் போடாமல் பேசப் பழகினோம். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், சாயங்காலம் ஊருணியைச் சுற்றி ரெண்டு சுற்று நடை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் என் பிரசர் மாத்திரை பாதியானது. வீட்டில் டம்ளர் பறப்பது நின்றது.

இத்தனையும் செய்த நீ, ரிட்டயர் ஆக ரெண்டு வருசம் இருக்கும்போது ஈரலில் கட்டி என்று படுத்தாய். அதற்கு யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உன்னைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்த அன்று டெப்போவில் ஒருத்தன், "எம்புட்டு நிதானமான மனுசன், அவருக்கே இப்படின்னா அதெல்லாம் செஞ்சு என்னத்துக்கு?" என்றான். கை ஓங்கத்தான் போனேன், மாப்ள. ஒரு மூச்சு இழுத்துவிட்டேன். "சாகாம இருக்கவாடா அவன் அதெல்லாம் செஞ்சான்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்த நாள். உனக்குப் பயமாக இருந்தது. அதை நீ மறைக்கவில்லை. "மூச்சு ஒரு நிலைக்கு வர மாட்டேங்குது, மாப்ள" என்றாய். உன் மனைவியிடம் துண்டை வாங்கி நனைத்து உன் முகத்தைத் துடைத்தேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இழுக்கும்போது நானும் இழுத்து, விடும்போது நானும் விட்டு, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் அடங்கியதும் கேட்டாய்.

"நம்ம வண்டிக்கு யாரு வந்திருக்கா?"

சொன்னேன்.

"விசில் ஊதுனதும் எடுத்துருறானா?"

"ஊதி முடிக்கிறதுக்குள்ள எடுக்குறான்."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கிவிட்டாய் என்று எழுந்திருக்கப் போனேன். "அப்ப நீ பாத்து ஊது" என்றாய்.

புது டிரைவர் நல்ல ஆள்தான். வேகமான கை. விசிலுக்குப் பிறகு இப்போது அந்த வண்டியில் மூச்சு கிடையாது. உன்னைக் குறை சொல்லிக் கத்திக்கொண்டே, நீ இருக்கிறாய் என்கிற தைரியத்தில்தான் நான் அத்தனை வருசம் பார்க்காமல் ஊதியிருக்கிறேன். இப்போதுதான் புரிகிறது.

இன்று காலை வெட்டிவேரை நனைத்து, துண்டைத் துவைத்து, தூக்குவாளியை என் சீட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். கீரைக்காரம்மா ஏறுகிற நிறுத்தம் வந்தது. அவருக்கு இப்போது முழங்கால் வலி, முன்னைவிட மெதுவாக ஏறுகிறார். கூடை மேலே வந்தது. ஒரு கால் வந்தது. இன்னொரு காலும் வந்தது. முந்தானை உள்ளே வந்தது. விசிலை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூச்சை ஒரு தடவை நன்றாக இழுத்து விட்டேன்.

அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் ஏறிட்டேன்ல. ஊதாம அங்க என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீக? கீர வாடுது."

"போயிருவோம், தாயி" என்றேன்.

அப்புறம்தான் ரெண்டு விசில் கொடுத்தேன்.